ஊர்களின் பட்டப்பெயர்கள்: சூட்டுவோரும் பயன் பெறுவோரும்

சென்ற மாதம் அலுவல் நிமித்தம் தேவனாம்பட்டினம் செல்ல நேர்ந்தது. கடலூர்ப் பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஓட்டுநரிடம் ஊரின் பெயரைச் சொன்னேன். “சில்வர் பீச்தானே, ஐயா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். மாலையில் காற்று வாங்க வருவோருக்கு அவ்வூர் வெள்ளிக் கடற்கரை. கரையில் வலை பழுதுபார்த்துக் கொண்டிருந்த மீனவர்களோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் வாயிலும் அப்பெயர் வரவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்து உயிர்களை வாரிச் சென்றதைச் சொல்லும்போது, “தேவனாம்பட்டினத்தில் அலை வந்தது” என்றே சொல்கிறார்கள். வெள்ளிக் கடற்கரையில் வந்ததாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

குடியிருப்போர் வழங்கும் பெயர் ஒன்று. வந்து போவோர் வழங்கும் பெயர் ஒன்று. இவ்வேற்றுமை சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் நெய்தும் பயிரிட்டும் பிழைக்கின்ற நம்மவர்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஊருக்கு ஒரு பட்டப்பெயர் ஏற்பட்டுவிட்டால் அவ்வூர்ச் சரக்குக்குச் சந்தையில் ஒரு மதிப்பு ஏறுகிறது. அந்த மதிப்பு பணமாகும்போது யார் கையில் சேர்கிறது என்பது நம் சங்கங்களின் பேரேட்டைத் தொடுகின்ற கேள்வி. அதனை ஒட்டியே இம்மாதப் பாடத்தை அமைத்துக்கொண்டேன்.

தேவனாம்பட்டினத்துக்கு வெளியார் பெயரிடுவது புதிதன்று. ஐரோப்பிய வணிகர் தம் ஏடுகளில் இதனைத் ‘தெக்னபட்டம்’ என்று எழுதிவைத்தனர். 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கிருந்த கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். சென்னையில் அப்போது கவர்னராயிருந்த எலிஹு யேல் வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; அந்நாட்டுப் புனிதரின் பெயரையே கோட்டைக்கு இட்டு, ‘செயின்ட் டேவிட் கோட்டை’ என்று ஆக்கினார். விற்பனையின் நிபந்தனை விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுடவேண்டியது. குண்டு போய் விழும் தொலைவுக்கு உட்பட்ட ஊர்களெல்லாம் வாங்கியவருக்குச் சொந்தம். நில அளவுகோலும் கிராமக் கணக்கும் இருந்த நாட்டில், நிலத்தைப் பீரங்கியால் அளந்தார்கள்! அந்த வட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்களை மக்கள் ‘குண்டு கிராமங்கள்’ என்று அழைக்கலாயினர்.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதனால் 1752 வரையில் கம்பெனியாரின் சோழமண்டலக்கரைத் தலைமையிடமே இங்கு இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். யேல் சூட்டிய பெயர் இன்று சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. மக்கள் சொன்ன ‘குண்டு’ என்னும் சொல்லோ குண்டு உப்பலவாடியிலும் குண்டு சாலையிலும் நாள்தோறும் வாயில் புழங்குகிறது. ஆணையிட்டுச் சூட்டிய பெயர் போயிற்று, பட்டறிந்து சொன்ன பெயர் நின்றது.

கம்பெனியார் இங்கே கோட்டை வாங்கியது காற்று வாங்குவதற்கு அன்று, துணி வாங்குவதற்கே. இக்கரையின் நெசவூர்களில் நெய்த நீளத்துணியும் அவுரிச் சாயமேற்றிய நீலத்துணியும் கப்பலேறின. அத்துணிகளைத் தறியிலிட்டவர் பெயரோ ஊரின் பெயரோ இலண்டனில் எவரும் அறியார். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தெற்கே இறங்கினால் பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் அதனைப் ‘போர்ட்டோ நோவோ’, அதாவது புதிய துறைமுகம் என்றனர். முகம்மதிய வணிகர் மகமூது பந்தர் என்றனர். உள்ளூர்த் தமிழரோ, பரங்கியர் குடியேறிய பேட்டையாதலால் பரங்கிப்பேட்டை என்றனர். மூவரும் தத்தம் கண்ணில் பட்டதையே பெயராக்கினர். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தில்லைமரக் காட்டால் வந்தது. பிச்சாவரத்து உப்பங்கழிகளில் அம்மரத்தை இன்றும் காணலாம். திருப்பாதிரிப்புலியூரின் பெயருக்குள் பாதிரிமரம் நிற்கிறது. சைவர்கள் சிதம்பரத்தையும் வைணவர்கள் திருவரங்கத்தையும் வெறுமனே ‘கோயில்’ என்றே வழங்குவர். அதற்கு மேற்பட்ட பட்டம் இன்னொன்று இருத்தல் இயலாது. இவற்றையெல்லாம் நோக்கினால், இன்று நாம் இயற்பெயர் என்று கருதுபவற்றுள் பல, ஒருகாலத்துப் பட்டப்பெயர்களே எனத் தோன்றுகிறது.

இக்காலப் பட்டங்கள் வேறு வகை. அவை பெரும்பாலும் சரக்கின் பெயரால் வருவன. காஞ்சிபுரம் பட்டு நகரம், ஈரோடு மஞ்சள் மாநகரம், சேலம் மாங்கனி நகரம், திண்டுக்கல் பூட்டு நகரம், தூத்துக்குடி முத்து நகரம், நாமக்கல் முட்டை நகரம். மதுரை மட்டும் தூங்கா நகரம் என்று தொழிலைச் சொல்லாமல் இயல்பைச் சொல்லி நிற்கிறது. அதுவும் அல்லங்காடி எனப்பட்ட இரவுச் சந்தை சங்க காலத்திலேயே அங்கு இருந்ததை நோக்கினால், வணிகத்தைச் சேர்ந்ததே ஆகும். சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர். நேரு அவர்கள் இட்ட பெயர் என்று சொல்லுவர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததே அவ்வூரின் ஏற்றத்துக்குத் தொடக்கம். எனினும் அப்பட்டத்தைச் சொல்லிப் பெருமைப்படும்போதெல்லாம், பட்டாசு வெடித்து உயிரிழந்தோர் செய்தியும் உடன் நினைவுக்கு வருகிறது. ஊருக்குப் பெயர் கிடைத்தது. உடலை வருத்தியவருக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கணக்கு.

இனிக் கோவைக்கு வருவோம். ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்ற பட்டத்தைப் பள்ளிப் பருவத்தில் பூகோளப் பாடத்தில் மனப்பாடம் செய்தவன் நான். 1888இல் ஸ்டேன்ஸ் முதலியோர் அங்கு முதல் நூற்பாலையை நிறுவினர். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல். அதைக் கையாளத் தெரிந்த உழவர். முதலீடு செய்யத் துணிந்த குடும்பங்கள். பட்டத்துக்கு அவ்வூர் முழுவதும் தகுதி உடையதே. ஆனால் பட்டத்துக்கு அந்த அயலூரின் பெயர்தானா கிடைத்தது?

மான்செஸ்டர் எது? இங்கிலாந்தில் பருத்தி மாநகரம் என்றே பட்டம் பெற்றிருந்த ஊர். அந்த வட்டாரத்து விசைத்தறித் துணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சந்தைகளில் வந்து குவிந்தது. அதற்கு வரி குறைவு, விலை குறைவு. சோழமண்டலக்கரையின் தறிகள் ஊரூராக நின்றுபோயின. நெசவாளர் பலர் கூலிகளாய்க் கப்பலேறினர். நம்மை ஒடுக்கிய ஊரின் பெயரையே நாம் கிரீடமாக வைத்துக்கொண்டோம்! அகமதாபாதும் கான்பூரும் ஜப்பானின் ஒசாகாவும் இதே கிரீடத்தை அணிந்தவையே ஆதலால், கோவையை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. மான்செஸ்டரின் பருத்திச் சந்தையோ, வணிகம் தேய்ந்து 1968இல் கதவை மூடிக்கொண்டது. அசல் அவிந்தபின்னும் நகல்கள் அப்பெயரைச் சுமக்கின்றன.

மான்செஸ்டரிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தொலைவில் ராச்டேல் என்ற சிற்றூர் உண்டு. அங்கு நெசவாளர் முதலிய தொழிலாளர் இருபத்தெண்மர் கூடி, 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ்மா, இவ்வளவே சரக்கு. அக்காலத்துக் கடைகளில் மாவில் கலப்படமும் நிறையில் குறைவும் சாதாரணம். இவர்கள் சுத்தமான சரக்கைச் சரியான எடையில் கொடுப்போம் என்று உறுதி பூண்டனர். ராச்டேலுக்குப் பட்டப்பெயர் எதுவும் தேவைப்படவில்லை. ஊரின் இயற்பெயரே ‘ராச்டேல் நெறிகள்’ என்று உலகக் கூட்டுறவாளர் அனைவருக்கும் மந்திரமாயிற்று. 1904இல் திரூரிலும் திருவல்லிக்கேணியிலும் தொடங்கிய நம் சங்கங்கள் அவ்வழி வந்தவை. பூகோளப் பாடத்தில் மான்செஸ்டர் இடம் பெற்றது. ராச்டேலை நான் அறிந்தது கூட்டுறவுப் பயிற்சியில் சேர்ந்த பிறகே.

ஊரின் பெயர் சரக்குக்குப் போவதும் உண்டு. கோழிக்கோட்டின் பெயரால் ‘காலிக்கோ’ வந்தது. நம் சென்னையின் பழம்பெயரால் ‘மதராஸ்’ என்ற கட்டம் போட்ட துணி வந்தது. நைஜீரியாவில் இபோ மக்கள் விழாக்களில் உடுத்தும் ‘ஜார்ஜ்’ என்னும் துணி, செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயரால் வந்தது என்பர். நம் டேவிட் கோட்டையின் பெயரை எந்தத் துணியிலும் நான் கண்டதில்லை!

மதராஸ் துணியின் கதையை நெசவாளர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். செடிகளிலிருந்து எடுத்த சாயமாதலின், அத்துணி சலவைக்குச் சலவை சாயம் விட்டு, கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கும். 1958இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதனை ஏராளமாக வாங்கிச் சட்டை தைத்து விற்றது. குளிர்ந்த நீரில்தான் துவைக்கவேண்டும் என்ற செய்தி வாங்கியவரைச் சென்றடையவில்லை. சாயம் போகிறதென்று கூச்சல் எழுந்தது. விளம்பரக்காரர்கள் குறையையே பட்டமாக்கினர். ‘சாயம் விடும் மதராஸ், நிச்சயமாகச் சாயம் விடும்’ என்ற கருத்தில் விளம்பரங்கள் வந்தன. ஒரு துவைப்புக்கு ஒரு நிறமாக மாறும் சட்டை என்று இளைஞர் மோகித்து வாங்கினர். நம் சாயக்காரர் பிழை என்று தலைகுனிந்திருப்பார். அவர்களோ அதனைச் சரக்கின் இலக்கணமாக்கிவிட்டனர்.

ஆயினும் முடிவைக் கவனியுங்கள். அப்பெயரைக் காக்க இங்கு ஒரு முத்திரையோ ஒரு கட்டுப்பாடோ எழவில்லை. இன்று வெளிநாட்டுக் கடைகளில் ‘மதராஸ்’ என்பது எந்த நாட்டு எந்திரத்தில் நெய்ததாயினும் அந்த மாதிரிக் கட்டத் துணிக்கு வழங்கும் பொதுப்பெயர். ஊரும் தன் பெயரை 1996இல் சென்னை என்று மாற்றிக்கொண்டது. பழம்பெயர் துணியில் மட்டும் எஞ்சி, பிறர் வணிகத்துக்கு உதவுகிறது.

திருப்பூரைப் பற்றிச் சொல்லாமல் இப்பாடம் நிறைவு பெறாது. பனியன் நகரம் என்று நாம் சொன்னதை ஏற்றுமதி பெருகியபின் ‘டாலர் சிட்டி’ என்றனர். முதற்பெயரில் செய்கின்ற பொருள் இருந்தது. இரண்டாம் பெயரில் கிடைக்கின்ற காசு மட்டுமே இருக்கிறது. பனியனுக்கு வெளுப்பும் சாயமும் வேண்டும். அச்சாயநீர் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாயிற்று. கீழ்ப்பகுதி உழவரின் கிணறுகள் உப்பேறின. தென்னை காய்ப்பு அற்றது. ஆடுமாடுகள் அந்நீரைக் குடிக்க மறுத்தன. உழவர்கள் நீதிமன்றம் ஏறினர். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு உத்தரவிட்டது. அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத வகையில் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்தவை மட்டுமே திறக்கலாயின.

இவ்விதழ் நெசவாளருக்கும் உழவருக்கும் பொதுவானது. ஆகவே இச்செய்தியை ஒரு தரப்பாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆலைகள் மூடிய மாதங்களில் வேலை இழந்து ஊர் திரும்பிய குடும்பங்களில் நம் மாவட்டத்தாரும் இருந்தனர். எனினும் ‘டாலர் சிட்டி’ என்ற பெயரை உச்சரிக்கும்போது அந்த அணையின் நீர்நிறமும் நினைவுக்கு வரவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். பட்டம் ஊரின் எல்லையில் நின்றுவிடுகிறது. ஆறு நிற்பதில்லை.

இனி நம் மாவட்டத்துக்கே திரும்புவோம். பலா என்றால் பண்ருட்டி என்பது தமிழ்நாடு முழுவதும் தெரிந்த செய்தி. செம்மண் மேட்டில் பலாவும் முந்திரியும் அடுத்தடுத்து நிற்கும் தோப்புகள், சித்திரை பிறந்தால் சுளை மணக்கும் சாலைகள், இரவு பகலாக லாரியேறும் மண்டிகள். அருகிலுள்ள பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வட்டாரத்து மரங்களிலிருந்தே தேர்ந்து ‘பாலூர் 1’ என்ற பலா ரகத்தை 1992இல் வெளியிட்டனர். இப்பட்டத்தை எந்த ஆளுநரும் சூட்டவில்லை. தின்றவர்களின் நாக்கு சூட்டியது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அதிகாலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பொழுது விடிந்தபோது பாட்டன் வைத்த பலா வேரோடு சாய்ந்து கிடந்தது. முந்திரித் தோப்புகள் சீப்பால் வாரியதுபோல் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. நான் அப்போது கல்லூரி மாணவன். தோப்புக்குள் வழி இல்லாமல், விழுந்த மரங்களின் மேலேயே ஏறி நடந்ததை மறக்கவில்லை. நெற்பயிர் போனால் அடுத்த போகத்தில் மீளலாம். முந்திரி ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வர மூன்றாண்டு. நிறைந்த மகசூலுக்கு மேலும் சில ஆண்டு. விதையிட்ட பலாவோ ஐந்து முதல் எட்டாண்டு கேட்கும். பெரிய மரமாவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

அந்த ஆண்டுகளிலும் சந்தைகளில் ‘பண்ருட்டிப் பலா’ குறைவின்றி விற்றது. மரம் இல்லை, பழம் உண்டு! எங்கிருந்தோ வந்த பழத்துக்கு நம் ஊரின் பெயரை வைத்தார்கள். அயலூர் உழவனும் நம்மைப் போன்றவனே; அவன் பழத்தை அவன் ஊர்ப்பெயரால் விற்றால் குறையொன்றும் இல்லை. ஆனால் இங்கே நிகழ்ந்தது வேறு. அவனுக்கு அவன் பெயரில்லை, நமக்கு நம் விலையில்லை. இடையில் நின்றவருக்கே இரண்டும் கிடைத்தன. விழுந்த மரத்துக்கு நிவாரணம் எழுதிய கணக்கில், பறிபோன பெயருக்கென்று ஒரு பத்தி இல்லை.

நெசவாளருக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். குறிஞ்சிப்பாடி முதலிய ஊர்களின் கைலி நம் மாவட்டத்தின் பழஞ்சரக்கு. கைலியை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட இரகங்களுள் ஒன்றாகவும் வைத்திருக்கிறார்கள். இரண்டாண்டுக்கு முன் வெளியூர்க் கடையொன்றில் ஒரு கைலி வாங்கினேன். பளபளப்பான சீட்டில் வேறோர் ஊரின் பெயரும் ஒரு கப்பலின் படமும் இருந்தன. அதை உடுத்தியிருந்தபோது, நம் மாவட்டத்து நெசவூர் ஒன்றைச் சேர்ந்த முதிய நெசவாளர் ஒருவர் என்னைக் காண வந்தார். பேச்சுக்கிடையே என் கைலியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், குனிந்து விரலால் தடவினார்.

“இது எங்கே வாங்கினது, ஐயா?”

கடையின் பெயரையும் சீட்டிலிருந்த ஊரின் பெயரையும் சொன்னேன்.

“அந்த ஊரில் இந்தக் கரை போடமாட்டார்கள். இது எங்கள் தெருச் சரக்கு. ஊடை நெருக்கத்தைப் பாருங்கள்.”

“உறுதியாகச் சொல்கிறீர்களா, பெரியவரே?”

“என் பிள்ளை கையெழுத்து எனக்குத் தெரியாதா?” என்றார்.

விலையைக் கேட்டார், சொன்னேன். தமக்குக் கிடைத்த கூலியை அவர் சொல்லவில்லை. சற்றுநேரம் பேசாமலிருந்து, வந்த காரியத்தைப் பேசலானார். மறுநாள் விசாரித்ததில், அவ்வூர்ச் சங்கத்தில் அட்டைச்சீட்டு அச்சிட்டு ஒட்டும் வழக்கமே இல்லை என்பது தெரியவந்தது. வியாபாரி வெறுந்துணியாகக் கேட்டார், வெறுந்துணியாகவே கொடுத்தார்கள். ‘அச்சுக்கூலி மிச்சம்’ என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். அதற்கு நான் அன்று கடுமையாக ஏதோ சொல்லிவிட்டேன். பிறகு வருந்தினேன், ஏனெனில், சரக்கு தேங்கிக் கிடக்கும் மாதத்தில் வெறுந்துணியாகவேனும் வாங்க ஆள் வந்தால் போதும் என்றிருப்பதே நம் சங்கங்களின் நிலை. கம்பெனியார் காலத்திலும் இவ்வாறே கொடுத்திருப்பார்கள்.

இதற்குச் சட்டத்தில் வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் அது பட்டப்பெயரைக் காப்பதன்று என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘மஞ்சள் மாநகரம்’ என்பதை எவரும் பதிவு செய்துகொள்ள முடியாது. அது காற்றைப் போன்றது; யாவருக்கும் பொது. சட்டம் காப்பது, ஊரின் பெயரோடு இணைந்த சரக்கின் பெயரை. ‘ஈரோட்டு மஞ்சள்’ என்பது அவ்வகை. இதற்கெனப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுவதற்கும் உரிய பதிவகம் நம் சென்னையிலேயே, கிண்டியில் இருக்கிறது. காஞ்சிப் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரை மல்லி, திண்டுக்கல் பூட்டு, ஈரோட்டு மஞ்சள் ஆகியன அதில் ஏறிவிட்டன. பண்ருட்டிப் பலாவும் பண்ருட்டி முந்திரியும் 2025இல் ஏறின. புயல் அடித்துப் பதினான்கு ஆண்டுக்குப் பின் என்றாலும், நல்ல செய்தியே.

இதில் பலர் அறியாத பகுதி ஒன்று உண்டு. பதிவேட்டில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. முதற்பிரிவில் விண்ணப்பித்த சங்கமோ அமைப்போ உரிமையாளராக இருக்கும். தனித்தனி உழவரும் நெசவாளரும் ‘அனுமதி பெற்ற பயனர்’ என்று இரண்டாம் பிரிவில் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தால்தான் அக்குறியைச் சட்டப்படி தம் சரக்கில் இட்டு விற்கும் உரிமை முழுமையாகும். இதற்கான கட்டணத்தை 2020இல் பெரிதும் குறைத்தனர். பதிவு பத்தாண்டு செல்லும். பின்பு புதுப்பிக்க வேண்டும். பொய்யாகக் குறியிட்டு விற்போருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரையில் சிறையும், ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் இரண்டு இலட்சம் ரூபாய் வரையில் அபராதமும் உண்டு. செய்தித்தாளில் ‘நம் ஊருக்குக் குறியீடு கிடைத்தது’ என்று படித்து மகிழ்ந்தவர்களுள் எத்தனை பேர் இரண்டாம் பிரிவில் தம் பெயரை ஏற்றினார்கள்? நான் செல்லும் சங்கங்களில் கேட்கும்போதெல்லாம், “அது அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் அல்லவா?” என்ற பதிலே கிடைக்கிறது. பார்த்துக்கொள்ளாது. தோப்புப் பட்டா உங்கள் பெயரில் இருப்பது போலவே, இதுவும் உங்கள் பெயரில் இருந்தாக வேண்டும்.

குறியீடு பெறாத சரக்குக்கு விண்ணப்பிக்கச் சங்கமே போதும். உற்பத்தியாளர் சங்கத்துக்குச் சட்டம் அத்தகுதியைத் தந்துள்ளது. சரக்கின் தனித்தன்மை, அது அவ்வூரால் வந்தது என்பதற்குச் சான்று, எல்லையைக் காட்டும் வரைபடம், தரத்தைச் சோதிக்கும் ஏற்பாடு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். முதல் மூன்றும் எழுத்து வேலை. நான்காவதே கடினம். இழை எண்ணிக்கை இவ்வளவு, சாயம் இத்தகையது, அகலம் இவ்வளவு என்று விதித்துவிட்டு, குறைந்த சரக்கை, அது தலைவரின் தறியில் நெய்ததாயினும், குறியிடாமல் ஒதுக்க வேண்டும். ராச்டேலில் மாவைச் சலித்துக் கொடுத்தது போன்ற வேலை இது. அவ்வளவு தூரம் போக இயலாத சங்கம், வணிகக் குறிச் சட்டத்தின்படி கூட்டு வணிகக்குறி ஒன்றைப் பதிந்துகொள்ளலாம். அதுவும் இயலாதெனில், ஒரு சீட்டையாவது அச்சிடலாம்.

மேலே சொன்ன நெசவூர்ச் சங்கத்தின் பொதுக்குழு சென்ற தை மாதம் கூடியபோது என்னையும் அழைத்திருந்தார்கள். சீட்டு அச்சிடுவதென்று ஒரு மனதாக முடிவாயிற்று. அதில் எந்தப் பெயரை இடுவது என்பதில்தான் ஒரு மணி நேரம் கழிந்தது. ‘தென்னாட்டுக் கைலி நகரம்’ என்று போடலாம் என்றார் ஓர் இளைஞர். மற்றொருவர் ‘சில்வர் பீச் லுங்கி’ என்றால் வெளியூரில் எடுபடும் என்றார், சிலர் கைதட்டினர். முதியவர் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். அவரைக் கேட்டார்கள்.

“ஊர் பெயரைப் போடுங்கள். அதற்குக் கீழே தறி எண்ணைப் போடுங்கள்,” என்றார் அவர்.

தறி எண் எதற்கு என்று செயலாளர் கேட்டார்.

“சாயம் போனால் யார் வீட்டுக்கு வரவேண்டும் என்று தெரியவேண்டாமா?”

அவ்வாறே தீர்மானம் நிறைவேறிற்று. இரண்டு அங்குல அகலம், நீல மை, முதல் அச்சு ஐயாயிரம் சீட்டு. கடலூர் அச்சகம் ஒன்றில் கொடுத்திருக்கிறார்கள்.